கிணற்று வன்னீர்த் தொட்டியில் எந்த மீன்களை ஒன்றாக விடலாம்?

கோண்டாவிலான்:

வணக்கம். 3 அடி நீளமும் ஒன்றேகால் அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட, ஏறத்தாழ 150 லீற்றர் கொள்ளும் தொட்டியொன்றை முன்விறாந்தையில் அமைத்துள்ளேன். கேத்திலின் அடியில் தடித்துப் படியும் வெள்ளைப் படிவே எங்கள் கிணற்று நீரின் வன்மையைச் சொல்லிவிடும் என்றாலும், சோதனைத் திரவம் வாங்கி அளந்தேன். மொத்த வன்மை (கல்சியம், மக்னீசியத்தின் அளவு) 18 பாகை, காபனேற்று வன்மை (அமிலத்தை ஈடுசெய்யும் இருகாபனேற்றின் அளவு) 14 பாகை. எனக்கு விளங்காதது பீ.எச், அதாவது அமில காரத்தன்மையின் பெறுமானம்தான்: கிணற்றிலிருந்து அள்ளியவுடன் 7.3 காட்டும் அதே நீர், தொட்டியில் 8.2 காட்டுகிறது. வடிகட்டியில் கழிவைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் பெருகி அது நன்கு பழகிவிட்டது. அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்தில் நிற்கின்றன.

நியோன் டெற்றாக் கூட்டம், ஓர் இணை ஏஞ்சல், கப்பி, மொலி, தரையில் மேயும் சிறு கெளிறான கொறிடோராஸ் என்று ஒரு கலப்புத் தொட்டி அமைக்க விரும்புகிறேன். இவை அனைத்தும் ஒன்றாக வாழும் என்றும், பீ.எச் குறைக்கும் திரவத்தைச் சேர்த்தால் போதும் என்றும் மீன் விற்பவர் கூறினார். அனுபவமுள்ளவர்கள் என்ன சொல்வீர்கள்?

நீர்வாழி:

வணக்கம் தம்பி. முதலில் அந்தத் திரவத்தை வாங்க வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கற்படைக்குள் தேங்கி நிற்பதால் கல்சியமும் இருகாபனேற்றும் மிகுந்தது. 14 பாகை காபனேற்று வன்மையுள்ள நீரில் அமிலத்தை விட்டால், பீ.எச் சற்று இறங்கி ஓரிரு நாட்களில் மீண்டும் ஏறிவிடும். மீனைக் கொல்வது பெரும்பாலும் 8.2 என்ற அளவன்று, இந்த ஏற்ற இறக்கமே. கொட்டங்காய் மரத்துச் சருகை இடுவதும் இத்தகைய நீரில் நிறத்தை மாற்றுமே தவிர பீ.எச்சைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்காது. அள்ளிய நீரில் 7.3 காட்டுவதற்குக் காரணம் அதில் கரைந்துள்ள காபனீரொட்சைட்டு. அது காற்றில் வெளியேறியதும் உண்மையான பெறுமானம் தெரிகிறது. ஆகவே மாற்றுவதற்கான நீரை முதல்நாளே வாளியில் எடுத்து, காற்றுக் கல் போட்டு வைத்துவிட்டு அளவுங்கள்.

உங்கள் பட்டியலில் நியோன் டெற்றாவை நான் விட்டுவிடுவேன். அது அமேசன் படுகையின் மிக மென்மையான, அமிலத்தன்மையான நீருக்குரியது. பண்ணையில் பிறந்தவை ஓரளவு தாங்கும், ஆனால் 18 பாகை வன்மையில் நிறம் மங்கி, ஆயுள் குறுகி, ஒவ்வொன்றாகக் கழிவதைப் பார்க்க மனம் வராது. ஏஞ்சலுக்கு நீரைவிடப் பண்புதான் சிக்கல்: வளர்ந்த ஏஞ்சல் சிறு மீன்களை விழுங்கும், கப்பியின் நீண்ட வாலையும் கடித்துக் குதறும்.

வன்னீர் கேட்டு வாழும் மீன்களில் முதலிடம் மொலிக்கே. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கக் கரையோரங்களில் உவர்நீர் வரை வாழும் இனமாதலால் வரட்சிக் காலத்தில் எங்கள் கிணறுகள் சற்று உவர்த்தாலும் பொருட்படுத்தாது, மென்னீரில்தான் நோய்ப்படும். கப்பியும் அவ்வாறே, நுளம்புக் குடம்பிகளைத் தின்னக் கிணற்றில் விடப்படும் மீனல்லவா? எனினும் மொலி ஆண்கள் கப்பிப் பெண்களை ஓயாது துரத்துவதால் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வது நல்லது. எதைத் தெரிவு செய்தாலும் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் என்ற விகிதத்தில் விடுங்கள்.

பிளற்றியும் வாள்வால் மீனும் இதே நீருக்கு ஏற்றவைதான், ஆனால் அவை சற்றுக் குளிர்ந்த நீரை விரும்புபவை. வெயில் காலத்தில் விறாந்தைத் தொட்டி 30 பாகை செல்சியசைத் தாண்டும்போது அவை மேற்பரப்பில் வந்து மூச்சிரைக்கும். வன்மை பொருந்தினால் போதும் என்று பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். வெப்பத்தைத் தாங்குமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கூட்டமாக நீந்தும் மீன் வேண்டுமெனில், நியோனுக்குப் பதிலாக நீலக் குறுவானவில் மீன் எட்டு விடலாம். போஸ்மன் வானவில் மீன் மேற்குப் பப்புவாவின் சுண்ணாம்புக்கல் பகுதி ஏரிகளைச் சேர்ந்தது; உங்கள் நீர் அதற்கு மிகப் பிடிக்கும் என்றாலும், 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்து விரைந்து நீந்துவதால் 4 அடித் தொட்டியில்தான் அழகு.

பருத்தித்துறையாள்:

முன்னவர் கூறியதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். கொறிடோராஸ் பற்றி அவர் சொல்லவில்லை. பண்ணையில் வளர்ந்த வெண்கலக் கொறிடோராஸ் இந்த வன்மையைப் பொறுத்துக்கொள்ளும்; ஆனால் மொலிக்கு நல்லதென்று சிலர் போடும் உப்பு அதற்கும் நீர்த்தாவரங்களுக்கும் ஆகாது. இந்த வன்மையில் மொலிக்கு உப்பே தேவையில்லை. "டாங்க் கிளீனர்" என்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிற்றையும் தவிருங்கள். அது ஓரடிக்கு மேல் வளரும். பின்னர் இடமின்றிக் குளத்தில் விடுபவர்களால் நாட்டின் நீர்நிலைகளில் அது ஆக்கிரமிப்பு இனமாகப் பெருகிவிட்டது. பாசி தின்னச் சிறிய தூரிகைமூக்குக் கெளிறு போதும்.

இன்னொன்று: கோண்டாவில் தோட்டப் பகுதியாதலால் கிணற்று நீரின் நைத்திரேற்றையும் அளந்து பாருங்கள். உரம் கசிந்த கிணற்றில், நீரை மாற்றுவதாலேயே தொட்டியில் நைத்திரேற்றுக் கூடலாம். மாரி மழைநீரைக் கூரை நன்கு கழுவப்பட்ட பின் சேகரித்துக் கிணற்று நீருடன் கலந்தால் வன்மையும் நைத்திரேற்றும் சேர்ந்தே குறையும், ஆனால் ஆண்டு முழுதும் அதே விகிதத்தில் கலக்க இயலாவிட்டால் தொடங்க வேண்டாம். வலிஸ்நேரியா நாணலை நிறைய நடுங்கள். அது இருகாபனேற்றிலிருந்தே காபனைப் பெறக்கூடியது, இந்நீரில் செழிக்கும்.

கோண்டாவிலான்:

இருவருக்கும் நன்றி. நியோனையும் ஏஞ்சலையும் விட்டுவிடுகிறேன். ஆபிரிக்க சிக்லிட் வன்னீர் மீன் என்கிறார்களே, மலாவி மஞ்சள் சிக்லிட் இரண்டை மொலிகளுடன் சேர்க்கலாமா?

நீர்வாழி:

சேர்க்க வேண்டாம். மலாவிப் பாறை மீன்கள் கார நீருக்குரியவைதான், மஞ்சள் இனம் அவற்றுள் சாந்தமானதும்தான். ஆயினும் தன் எல்லைக்குள் வரும் மொலியை அது ஓரங்கட்டும். சிக்லிட்டில் ஆசை இருந்தால் அதற்கெனத் தனித்தொட்டி வையுங்கள். தங்கனிக்கா ஏரியின் ஓட்டு வாழ்மீன் கிடைத்தால் 2 அடித் தொட்டியே போதும். ஏறத்தாழ 5 சென்ரிமீற்றரே வளரும் அந்த மீனுக்கு, வயலோரம் கிடக்கும் வெற்று நத்தை ஓடுகளை அவித்துப் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு வீடாகும்.

இப்போதைய தொட்டிக்கு வலிஸ்நேரியாவை நட்டு வேரூன்றிய பின் மொலிகளையும், சில வாரங்கள் கழித்துக் குறுவானவில் கூட்டத்தையும், கடைசியாகக் கொறிடோராஸ் ஆறையும் விடுங்கள். ஒரேயடியாக விட்டால் வடிகட்டி தாங்காது, பீ.எச் 8.2 இல் அமோனியாவின் நச்சு வடிவம் 7.2 இல் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. தெற்கின் ஈரவலயப் பண்ணைகளிலிருந்து வரும் மீன்கள் மென்னீரில் வளர்ந்தவையாக இருக்கலாம் என்பதால், பையை மிதக்கவிட்டு உடனே அவிழ்க்காமல், மெல்லிய குழாயால் உங்கள் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணித்தியாலமாவது சேர்த்துப் பழக்குங்கள். ஆனால் பை நெடுந்தூரம் வந்து அழுக்கேறியிருந்தால் அவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டாம்.