கண்ணைப் பார்த்துப் பேசுகிறவருக்கு ஆட்டிசம் இருக்காதாம்!

பொருநைக்கரை: பாளை ஆசிரியர் நேற்று இப்படி எழுதியிருக்கிறார்: "மருத்துவரின் கண்ணைப் பார்த்துக் கோவையாகப் பதில் சொல்லும் வயதுவந்த எவருக்கும் ஆட்டிசம் இருக்க முடியாது, இப்போது நடப்பதெல்லாம் சான்றிதழ் நாடகம்." எனக்கு ஆட்டிசம் என்று, அதாவது பிறரோடு பழகும் விதத்தையும் ஒலி போன்றவற்றை உணரும் விதத்தையும் மாற்றும் பிறவி வேறுபாடு என்று, உறுதியானது 38 வயதில். அதற்கு முன்பு என்னைப் பார்த்த ஒரு மனநல மருத்துவர், 'கண் பார்த்துப் பேசுகிறார்' என்று ஏட்டில் குறித்துவிட்டு, பதற்றத்துக்கு மாத்திரை எழுதி அனுப்பினார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய மூக்குக்கண்ணாடியின் நடுப்பகுதியை. 'நிமிர்ந்து முகத்தைப் பார்டா' என்று பள்ளியில் வாங்கிய பிரம்படியில் கற்ற வித்தை அது. அடித்தவரும் ஓர் ஆசிரியர்தான்.

பாளை ஆசிரியர்: எல்லாரையும் நாடகக்காரர் என்று நான் சொல்லவில்லை, தொப்பி பொருந்துகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும். அரசின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கென்று பயன்படுத்தும் இந்திய ஆட்டிச அளவுகோலில் 40 கேள்விகள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவதே எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்ப்பதைப் பற்றியது. நீங்கள் கண்ணைப் பார்த்தீர்கள் என்று படித்த மருத்துவரே எழுதியிருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பொருநைக்கரை: முதலாவது இருக்கட்டும், மற்ற 39 எங்கே போயின, அண்ணாச்சி? ஒரு நடத்தை எவ்வளவு நேரம் தென்படுகிறது என்று சதவீதத்தில் கணித்து, ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். மொத்தம் 70ஐத் தொட்டாலே லேசான ஆட்டிசம் என்று கணக்கு. கண்ணைப் பார்க்கும் கேள்விக்கு ஆகக் குறைந்த 1ஐப் போட்டாலும், மீதியிலிருந்து மட்டும் 195 வரை சேர இடமிருக்கிறது. கணக்கு வாத்தியாருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. ஆட்டிசத்தை விவரித்து 1943இல் மனநல மருத்துவர் கன்னர் எழுதிய கட்டுரையில் முதலாவதாக வரும் சிறுவன் டொனால்ட் டிரிப்லெட், வளர்ந்து மிசிசிப்பியில் வங்கி வேலை பார்த்தார், கார் ஓட்டினார், 2023இல் 89 வயதில் காலமானார். அவரையும் நீங்கள் நாடகக் கொட்டகையில்தான் சேர்த்திருப்பீர்கள்.

டவுன்காரி: பெரியவர்கள் முன்னால் கண்ணைத் தாழ்த்திப் பேசு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள் நாங்கள். எங்களிடம் போய்க் கண்ணைப் பார்த்துப் பேசுவதை அளந்தால் என்ன தெரியும்? என் அனுபவம் வேறு. 'கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் எதிலும் ஆர்வமின்றி இருந்தீர்கள்' என்று மனச்சோர்வுக்கான 9 கேள்வித் தாளைக் கொடுத்தார்கள். அந்த இரண்டு வாரங்களுக்குள் ஆனித் தேரோட்டம் வந்தது; மேளமும் ஒலிபெருக்கியும் தாங்காமல் கதவை அடைத்துக்கொண்டு நான் உள்ளேயே இருந்தேன். அந்த நாட்களையும் சேர்ப்பதா என்று கேட்டேன். 'யோசிக்காமல் மனத்தில் தோன்றுவதை எழுதும்மா' என்றார்கள். யோசிக்காமல் எழுத எனக்கு வராது என்பதைக் குறிக்க அந்தத் தாளில் கட்டம் இல்லை.

பாளை ஆசிரியர்: கண்ணைத் தாழ்த்துவது ஆட்டிசம் என்றால் என்னிடம் படித்த பெண் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சான்றிதழ் கொடுத்துவிடலாமே, தங்கச்சி.

டவுன்காரி: நான் சொன்னதை அப்படியே தலைகீழாக்கிவிட்டீர்கள்.

கடையத்தான்: ஆசிரியர் கேட்பதில் என்ன தவறு? 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. அதில் ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவுகளுக்கு 1 சதவீதம். கண்ணைப் பார்த்துப் பேசுகிற ஆளும் அந்த வரிசையில் வந்து நின்றால் மற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

பொருநைக்கரை: நான் ஏற்கெனவே வேலையில் இருக்கிறேன், எந்த ஒதுக்கீட்டையும் கேட்கவில்லை. கடையத்துக்காரரான நீங்கள் 2019இலேயே நெல்லையிலிருந்து பிரிந்து தென்காசி மாவட்டத்தோடு போய்விட்டீர்கள். அங்கே சான்றிதழ் கொடுக்கும் மருத்துவக் குழுவை முதலில் கவனியுங்கள்.

கடையத்தான்: மாவட்டம் பிரிந்ததோடு எங்கள் வாயையும் அடைத்துவிட்டார்களா என்ன? குடிக்கிற தண்ணீர் எந்தப் பக்கத்து மலையிலிருந்து வருகிறது என்று யோசித்துப் பேசுங்கள்.

பொருநைக்கரை: மலைக்கும் மதிப்பீட்டுக்கும் என்ன சம்பந்தம்? மேலும் கேளுங்கள். அந்த மருத்துவர் 'மனசு எப்படி இருக்கிறது' என்று கேட்டார். வயிறு இறுகியிருப்பதும் மின்விசிறி கிறீச்சிடுவதும்தான் எனக்குத் தெரிந்தன, அவற்றையே சொன்னேன். பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிறு வயதில் எப்படி இருந்தேன் என்று சொல்லத் தாயாரை அழைத்து வரச் சொன்னார்கள், அம்மா காலமாகிவிட்டார். பிள்ளைகளை மனத்தில் வைத்துச் செய்த கேள்விகளை நாற்பதை நெருங்குகிறவனிடம் கேட்டால் பாதிக் கேள்விகளுக்குச் சாட்சி சொல்லவே ஆள் இருக்காது. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கண், கண் என்று ஒன்றையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

பாளை ஆசிரியர்: நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது. கண்ணைப் பார்த்ததாக ஏட்டில் இருக்கிறது, அது ஆவணம். உங்களை எனக்கு இன்றைக்கா தெரியும்? என் மகள் திருமணத்தில் பந்தியில் கை நனைக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனவர்தானே? அன்றைக்கும் என் கண்ணைப் பார்த்து 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டுவிட்டுத்தான் போனீர்கள்.

பொருநைக்கரை: பந்திக்குப் பக்கத்திலேயே ஆளுயர ஒலிபெருக்கியை வைத்தால் இலையில் விழுவது என்னவென்றே எனக்குப் புரியாது. உங்கள் மைத்துனரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

பாளை ஆசிரியர்: மைத்துனரை இப்போதுதான் தொலைபேசியில் கேட்டேன். யாரும் வந்து சொல்லவில்லை என்கிறார்.

டவுன்காரி: அவருக்கும் அந்தச் சத்தத்தில் காது கேட்டிருக்காது.

பொருநைக்கரை: எந்த மைத்துனரைக் கேட்டீர்கள்? நான் சொன்னது இளையவரிடம்.