ரொமேனியன்ல இங்கிலீஷ் கலக்குறதுக்கு ரூல் எதுவும் இருக்கா?

வேர்ஹவுஸ்வாசி:
லண்டன் பக்கம் ஒரு வேர்ஹவுஸ்ல வேலை, டீம்ல பாதிப்பேர் ரொமேனியாக்காரங்க. அவங்களுக்குள்ள பேசுறப்ப ஷிஃப்டுல், லேண்ட்லார்டுல், பேஸ்லிப்புல்னு காதுல விழுது, எல்லாத்துக்கும் வால்ல ஒரு "உல்". வாய்க்கு வந்தபடி கலக்குறாங்களா, இல்ல ஏதாச்சும் முறை இருக்கா?

மொழிக்கிறுக்கன்:
முறை இருக்கு, நல்லாவே இருக்கு. இங்கிலீஷ்ல பேருக்கு முன்னாடி வர்ற "த" அவங்களுக்குப் பின்னாடி ஒட்டும், அதான் உல். ஜாப் உள்ள நுழைஞ்சா ஜாபுல், நிறைய இருந்தா ஜாபுரி. இப்படி வர்ற பொருள் பேரெல்லாம் பெரும்பாலும் அவங்களோட மூணாவது பாலுக்குப் போயிடும், ஒருமையில ஆண்பால் மாதிரியும் பன்மையில பெண்பால் மாதிரியும் நடந்துக்குற விசித்திரமான பால் அது.

தேநீர்ப்பித்து:
வினைக்கு ரெண்டு வழி. ஒண்ணு இங்கிலீஷ் சொல்லையே வினையாக்கிடுறது, ஷேர்ங்கிறது ஷெருயி ஆகி "ஷெருயெஸ்க்"னா நான் ஷேர் பண்றேன். இன்னொண்ணு நம்ம "பண்ணு" மாதிரி ஒரு துணைவினை, அதுவும் எது தெரியுமா, "தா"! அர்த்தமும் கொடுக்குறதுதான் 😄 தற்செயல்தான், சொந்தம் கொண்டாடிறாதீங்க. லைக் போடுறதுக்கு "அ தா லைக்".

சந்தேகராசா:
ஒரு விஷயம், லைக் ஷேர் எல்லாம் குடிபெயர்ந்தவங்க கண்டுபிடிச்சது இல்ல. ரொமேனியாவுலயே புக்கரெஸ்ட், க்ளூஜ் மாதிரி ஊர் ஆஃபீஸ்கள்ல இருக்குறவங்களே அப்படித்தான் பேசுறாங்க, ரோம்க்ளெஸனு அதுக்குக் கிண்டல் பேரே உண்டு, வீக்கெண்டுரிங்கிற பன்மையை அவங்க அகாடமியோட எழுத்து அகராதியே ஏத்துக்கிச்சு. பிரிட்டன் போனவங்க சரக்கு வேற, வாடகை, சம்பளச் சீட்டு, ஓவர்டைம், கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டுற வீட்டு வரி)னு அங்க போய்தான் முதல்ல சந்திக்குற சமாச்சாரங்கள். பிரிட்டன்ல ரொமேனியாக்காரங்களுக்கு இருந்த வேலைக் கட்டுப்பாடு 2014 ஜனவரியில நீங்கினப்புறம் கூட்டமும் சேர்ந்துச்சு, 2021 சென்சஸ்ல இங்கிலாந்து வேல்ஸ்ல ரொமேனியன்தான் முதன்மை மொழின்னவங்க கிட்டத்தட்ட 4,72,000 பேர், இங்கிலீஷை விட்டா போலிஷுக்கு அடுத்து இதான். சொல்லே மாறாம அர்த்தம் மட்டும் மாறுறதுதான் எனக்கு சுவாரஸ்யம்: "அப்லிகா"னா செயல்படுத்துறது, பூசுறதுன்னு இருந்துச்சு, இப்ப வேலைக்கு மனு போடுறதும் அதுதான், இலக்கணப் பெருசுங்களுக்கு இதுதான் பெரிய எரிச்சல்.

வேர்ஹவுஸ்வாசி:
செம. அப்ப நாளைக்கு "லா ஜாபுல்"னு சொல்லிப் பாக்குறேன், வேலையில இருக்கேன்னு.

மொழிக்கிறுக்கன்:
சிரிப்பாங்க. "லா" (வேலையில-ங்கிறதுல வர்ற நம்ம "ல" மாதிரி) முன்னாடி வந்தா உல் விழுந்துடும், வெறும் "லா ஜாப்". என்னோட வேலையிலன்னா மட்டும் "லா ஜாபுல் மெயு", அங்க உல் திரும்ப வரும்.