பெரியவீட்டு குடும்பக் குழு: அஸ்தி பூம்புகாரிலா, துலாக்கட்டத்திலா?

குமார்: அப்பா அஸ்தியை வெள்ளிக்கிழமை காலை பூம்புகாரில் கரைக்கலாம் என்று புரோகிதர் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார். கலசம் கொல்லை மாமரத்தில்தான் துணி கட்டித் தொங்குகிறது, அம்மா பின்கட்டுப் பக்கமே வர மாட்டேன் என்கிறாள். யார் யார் வருகிறீர்கள்? வேன் சொல்ல வேண்டும்

மாலா அத்தை: குமாரு பூம்புகார் வேண்டாம்டா. இதைக் கேள்

மாலா அத்தை: 🎤 ஆடியோ (பலமுறை பகிரப்பட்டது)

ஹரி: கேட்டேன். பூம்புகாருக்கு எதிரே கடலடியில் பூமி பிளந்து வாய்க்கால் ஒன்று கரையை நோக்கி வருகிறதாம், அமாவாசைக்குள் ஊர் உள்ளே போய்விடுமாம். பேசுகிறவர் யார் என்றே சொல்லவில்லை

சித்தப்பா: மயிலாடுதுறை காவிரித் துறை இருக்கிறதே, துலாக்கட்டத்தில் முடிப்போம். பக்கம்

மாமா: அங்கே தண்ணீர் எங்கே மச்சான், கணுக்கால் நனையாது

மாலா அத்தை: 2004-இல் சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்தில் மீன் வாங்கப் போய் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தவள் நான். என்னிடம் தைரியம் பேசாதீர்கள்

வித்யா: அம்மா, இதை யாருக்கும் அனுப்பாதே என்று நேற்றே சொன்னேன். கடலடியில் பள்ளமும் வாய்க்காலும் இருப்பது உண்மை, இப்போது பிளந்தது என்பதுதான் பொய். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா அண்டார்க்டிகாவை விட்டு விலகியபோது நம் பக்கத்து நிலம் இழுபட்டு விரிசல் விட்டது, சில துண்டுகள் கீழே இறங்கின, சில மேட்டிலேயே நின்றுவிட்டன. தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினத்துக்குக் கீழே பள்ளம், கும்பகோணத்துக்குக் கீழே மேடு. அந்தப் பள்ளங்களில் கிலோமீட்டர் கணக்கில் வண்டல் நிரம்பி அதன் மேல்தான் நாம் நாற்று நடுகிறோம். நரிமணத்தில் எண்ணெய் எடுப்பதும் அந்த அடுக்குகளில்தான்

ஹரி: பத்தி பிரித்து அனுப்பு தாயே

குமார்: வித்யா, நீ வருகிறாயா இல்லையா?

வித்யா: வருகிறேன் அத்தான். முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா மறுபடி ஆரம்பிப்பாள். இந்தியா ஆசியாவில் மோத ஆரம்பித்தது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன். எழும்பிய இமயமலை அரிபட்டு, அந்த மண்ணைக் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிக் கொட்டி வங்காள விரிகுடாவின் அடியில் விசிறி மாதிரி விரிந்த வண்டல் படுகை ஒன்று உண்டாகியிருக்கிறது, அதை வண்டல் விசிறி என்பார்கள். சுமார் 3000 கிலோமீட்டர் நீளம், இலங்கையைத் தாண்டி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வரை போகிறது. தடிமன் அதிகமான இடத்தில் 16 கிலோமீட்டர். அதன் மேல் வாய்க்கால்கள் வளைந்து வளைந்து போகும், கரைகூடத் தானே கட்டிக்கொள்ளும். ஓடுவது சேறு கலந்த கனத்த தண்ணீர், அதுவும் எப்போதாவதுதான். 1929-இல் கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்து அருகே நிலநடுக்கம் வந்து கடலடிச் சரிவு சரிந்தபோது, அப்படி ஓடிய சேற்றுத் தண்ணீரில் கடலடித் தந்தி வடங்கள் 12 அறுந்தன, தூரத்தில் இருந்தவை மணிக்கணக்கில் கழித்து ஒன்றன்பின் ஒன்றாக

ஹரி: நம் தெருவில் நெட் அறுவதற்குப் பொக்லைனே போதும்

மாமா: அது இருக்கட்டும், காரியத்துக்குச் சமையல் யார்? போன தடவைக்காரர் வேண்டாம், சாம்பாரில் புளியே இல்லை

வித்யா: அப்பா ஒரு நிமிஷம். அடியில் தரை நகர்ந்தால் மேலே வாய்க்கால் தடம் மாறும், விஷயம் இதுதான். இந்தியத் தட்டு, அதாவது இந்தியாவைச் சுமந்து நகரும் பூமி ஓட்டுத் துண்டு, வடக்கே முட்டிக்கொண்டே இருப்பதால் இலங்கைக்குத் தெற்கே கடல்தரையே மடிந்து கிடக்கிறது, சுமார் 80 லட்சம் ஆண்டுகளாக. மேடு எழும்பிய பக்கம் வண்டல் ஏறாமல் ஒதுங்கிப் போகும். அந்தமானுக்குத் தெற்கே நிக்கோபார் விசிறி என்ற இன்னொரு வண்டல் விசிறிக்குப் போய்க்கொண்டிருந்த வண்டல் சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய நின்றே போனது. சின்ன மாமா வரப்பை உயர்த்தியதும் தண்ணீர் எங்கள் வயலில் வந்து நின்றதே, அதே கணக்குதான். ஆனால் இதெல்லாம் ஒரு அமாவாசைக்குள் நடக்கிற வேலை இல்லை

சித்தப்பா: யார் வரப்பை உயர்த்தியது?

ஹரி: 🤦

மாமா: உதாரணத்துக்குச் சொன்னாள் மச்சான். உயர்த்தியது என்னவோ உண்மைதான்

சித்தப்பா: எலி வளையை அடைக்க நாலு கூடை மண் போட்டேன். அண்ணனே வந்து பார்த்துச் சரி என்றார்

மாலா அத்தை: அண்ணனா? ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அந்த வரப்பைச் சொல்லித்தானே புலம்பினார்

சித்தப்பா: அவர் போன பிறகு அவர் வாயில் வார்த்தை வைக்காதே

குமார்: வேன். வெள்ளிக்கிழமை. தயவுசெய்து

வித்யா: ஸாரி சின்ன மாமா. அம்மா, 2004-இல் அலை கிளம்பியது சுமத்ராவில், அங்கே ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் செருகுகிறது. நம் கரையில் அப்படி ஒரு விளிம்பே கிடையாது. சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் இருக்கிறது, ஏதாவது என்றால் அங்கிருந்து வரும், ஆடியோவில் வராது

மாலா அத்தை: சரி நீ படித்தவள். வருகிறேன், ஆனால் வேனை விட்டு இறங்க மாட்டேன்

குமார்: அப்போ பூம்புகார்தானே?

மாமா: 👍

சித்தப்பா: துலாக்கட்டத்தில் கொஞ்சம் கரைத்துவிட்டு அப்புறம் போங்கள்

குமார்: அப்படிப் பிரிக்கலாமா? புரோகிதர் போனை எடுக்கவில்லை. வேன்காரர் முன்பணம் கேட்கிறார், சின்ன வண்டியா பெரிய வண்டியா?

ஹரி: மாமாவோடு ஒரே வண்டியில் எங்கள் அப்பா, உங்கள் சித்தப்பா, ஏறுவாரா என்று கேட்டுச் சொல்கிறேன் அண்ணா