புயலில் டவர் படுத்தால் பேச ஒரு வழி: மெஷ் ரேடியோ தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபோது நான் சென்னையில் இருந்தேன். வேதாரண்யத்தில் இருந்த அம்மாவின் குரலைக் கேட்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாள் இனி யாருக்கும் வரக்கூடாது.

இப்போது ஊரிலேயே இருக்கிறேன். லோரா என்பது குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ; அந்தப் போர்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செய்தியைக் கடத்தி வலைபோல (மெஷ்) இயங்க வைக்கும் மென்பொருள் மெஷ்டாஸ்டிக். அது ஏற்றிய இரண்டு லோரா போர்டு வைத்திருக்கிறேன். எந்த நாட்டு அலைவரிசை என்று சொல்லும் ரீஜன் அமைப்பை இந்தியா என்று வைத்தாயிற்று. உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் பகுதி. போனில் தட்டினால் ப்ளூடூத் வழியாகப் போர்டுக்குப் போய், சிம், நெட் எதுவும் இல்லாமல் அடுத்த போர்டில் வந்து விழுகிறது. அம்மாவே அடுத்த தெருவிலிருந்து "சாப்பிட்டியா" என்று அனுப்பினார்.

சிக்கல் சித்தி வீட்டில். நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் நடுவே தென்னந்தோப்பு. கஜாவில் சாய்ந்த தோப்பு மறுபடி வளர்ந்து நிற்கிறது, சந்தோஷம்தான். சிக்னல் மட்டும் அதைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

நடுவில் ஒரு மாடியில் மூன்றாவது போர்டை ரிலேவாக (செய்தியை வாங்கி மறுபடி அனுப்ப) வைக்கலாமா, இல்லை ஆன்டெனாவை உயர்த்தினாலே போதுமா? கம்பம் புயல் காற்றில் நிற்க எப்படிக் கட்டினீர்கள்? உப்புக்காற்றில் கனெக்டர் துருப்பிடிக்காமல் இருக்க என்ன சுற்றுகிறீர்கள்? வெயிலே இல்லாத நான்கு நாளுக்கு 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் செல்) எத்தனை வேண்டும்?

தோப்புத்துறை, திருத்துறைப்பூண்டி பக்கம் யாரிடமாவது நோட் (இதுபோன்ற ஒரு போர்டு) ஓடினால் சொல்லுங்கள், போர்டோடு நேரிலேயே வருகிறேன். ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும்.