மறு: புதுக் காயை ஆடிப் பாக்குறதுக்கு ஒரு தமிழ்ச் சொல்

எல்லாருக்கும் வணக்கம்.

மோல்மீன்ல இருக்குற தம்பி பிளேடெஸ்டிங்குக்கு, அதாவது சதுரங்கத்துல புதுசா ஒரு காயைச் சேத்து ஆடிப் பாக்குறதுக்கு, 'வெள்ளோட்டம்'னு போட்டிருக்காரு. கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா எனக்கு மனசு ஒப்பல. வெள்ளோட்டம்னா தேரை முழுசா செஞ்சு முடிச்சு, சக்கரம் மாட்டி, திருவிழாவுக்கு முன்னாடி ஒருதரம் இழுத்துப் பாக்குறது. நாங்க ரங்கூன்ல சித்துயின், அதாவது பர்மாச் சதுரங்கப் பலகையை விரிச்சு வச்சுக்கிட்டு செய்யுறது அதுவா? காய் இன்னும் அரைகுறையா கிடக்கு, அதை எப்படியாச்சும் கவுத்துடணும்னே ஒருத்தர் எதிர்ல உக்காந்து ஆடுறாரு, கவுந்தா விதியை மாத்தி மறுபடி முதல்லேருந்து. தேரை அப்படி கவுத்துப் பாத்தா ஊரு சும்மா விடுமா.

தம்பி அனுப்புன 'தாவுற யானை'ங்குற புதுக் காயையே எடுத்துக்குவோம். சித்துயின் ஆடாதவங்களுக்காக சொல்றேன், அதுவும் 8-க்கு 8 பலகைதான், ஆனா 'நே'ங்குற சிப்பாய்ங்க மட்டும்தான் முன்கூட்டியே நிக்கும், அவங்கவங்க இடப்பக்கம் நாலு நே மூணாவது வரிசையில, வலப்பக்கம் நாலு நே நாலாவது வரிசையில. மத்த காயையெல்லாம் அதுக்குப் பின்னால பெரும்பாலும் இஷ்டப்படி அடுக்கிக்கலாம், சிவப்பு முதல்ல, கறுப்பு அதைப் பாத்துட்டு. 'சின்'ங்குற யானைக்கு நாலு மூலைவாட்டுலயும் ஒவ்வொரு கட்டம், நேர் முன்னால ஒரு கட்டம், அவ்வளவுதான். தம்பி அதுக்கு மேல மூலைவாட்டுல ரெண்டு கட்டம் தாவலும் குடுத்தாரு, நடுவுல எது நின்னாலும் தாண்டிரும். சத்ரஞ்ச்ங்குற பழைய பாரசீகச் சதுரங்கத்துல யானைக்கு அந்தத் தாவல் மட்டும்தான், 64 கட்டத்துல 8 கட்டத்தைத்தான் அது வாழ்நாள் பூரா மிதிக்கும். நம்ம சின்னோட சேர்த்தா அந்தக் குறை போயிரும், எழுத்துல பாக்க ஜோரா இருந்துச்சு.

பலகையில வச்சதும் கதை மாறிருச்சு. கறுப்பு ஆடுனவர் அதை சி6-ல (சிவப்பு பக்கத்துலேருந்து பாத்தா இடமிருந்து மூணாவது, கீழேருந்து ஆறாவது கட்டம்) வச்சாரு, அவரோட முன்வரிசை 'நே'க்கு பின்னால. அங்கேருந்து ஒரே தாவுல இ4-ல நிக்கிற சிவப்பு நே! சிவப்பு ஏற்கனவே அடுக்கி முடிச்சாச்சு, எது காவல் இல்லாம நிக்குதுன்னு பாத்துட்டு கறுப்பு சாவகாசமா குறி வைக்கலாம், ஒரு காய் நகர்றதுக்குள்ள சண்டை ஆரம்பிச்சாச்சு. இப்ப தாவி நகரலாம், தாவி வெட்டக்கூடாது, வெட்டுறது பழைய சின் மாதிரி ஒரு கட்டத்துலதான்னு மாத்தி ஆடிக்கிட்டிருக்கோம். சுமாரா நிக்குது.

இப்படி ஆடி, கவுத்து, திருத்துற மொத்த வேலைக்கும் 'ஆட்டச்சோதனை', அதுக்காக ஆடுற ஒவ்வொரு ஆட்டமும் 'சோதனையாட்டம்'. ரெண்டும் வேணும்.

அன்புடன்,
ரங்கூன்

---

அண்ணே,

தேரை விட்டுர்றேன். ஆனா 'சோதனை'ன்னாலே நம்ம வீட்டுப் பெரியவங்க 'முருகா என்ன இது சோதனை'ன்னு சொல்றதுதான் ஞாபகம் வருது. வினைத்தொகையா 'ஆடுசோதனை'ன்னு போட்டா என்ன, ஆடுகளம் மாதிரி சுருக்கமா இருக்குமே?

இன்னொண்ணு. ஃபேரி-ஸ்டாக்ஃபிஷ்ங்குற சதுரங்க கம்ப்யூட்டர் நிரல் சித்துயினே ஆடுது, புதுக் காயோட விதியை எழுதிக் குடுத்தா அதையும் ஆடுது. ராத்திரி பூரா தனக்குத்தானே ஆட விட்டா காயோட மதிப்பு தெரிஞ்சிருமே. அதையும் ஆட்டச்சோதனைன்னே சொல்லலாமா?

---

தம்பி,

ஆடுசோதனைன்னா மிருக டாக்டர் வந்து ஆட்டோட வாயைத் திறந்து பாக்குற மாதிரி இருக்குப்பா, வேண்டாம்.

கம்ப்யூட்டர் விஷயம் நல்ல கேள்வி. 1920கள்ல உலக சதுரங்க சாம்பியனா இருந்த கபாபிளாங்கா 10-க்கு 8 பலகையில ரெண்டு புதுக் காய் சேத்தாரு, ஒண்ணு ரூக்கும் குதிரையும் சேந்தது, இன்னொண்ணு பிஷப்பும் குதிரையும் சேந்தது. ரெண்டாவது ரொம்ப பலவீனம்னுதான் பலபேர் கணக்கு போட்டாங்க, பின்னாடி கம்ப்யூட்டரை ஆட விட்டுப் பாத்தா முதல் காய்க்கு கிட்டத்தட்ட சமமா நிக்குது. மனுசங்க ஆடி இதைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம், ஒத்துக்குறேன். ஆனா பாதி ஆட்டத்துல 'இது தாவி வெட்டுமா வெட்டாதா'ன்னு எதிராளி மூணாவது தடவையா கேக்குறாரே, அதை மெஷின் சொல்லாது, அதுக்கு விதியும் மறக்காது, சலிப்பும் தட்டாது. மதிப்பு பாக்குறதுக்கு மெஷின், காயை வச்சுக்கலாமா தூக்கிப் போடலாமான்னு பாக்குறதுக்கு மனுசன். அதனால மெஷின் ஆடுறதுக்கு 'பொறியாட்டம்'னு தனியா வச்சுக்குவோம், அறிக்கை எழுதும்போது எது எதுலேருந்து தெரிஞ்சதுன்னு குழம்பாது.

சோதனைங்குற சொல்லுக்கு பயப்படாதீங்க, ரத்தப் பரிசோதனைக்குப் போறப்ப யாரும் முருகனைத் திட்டுறதில்ல.

அப்புறம், வழக்கமான சதுரங்கத்துல இல்லாத காயை இங்கிலீஷ்ல ஃபேரி பீஸ்ம்பாங்க, அதுக்கு 'தேவதைக் காய்'னு ஒருத்தர் எழுதியிருக்காரு. 'புதுக்காய்'னே இருக்கட்டும், தேவதை வேண்டாம்.