ஸ்டோர்டு புரொசீஜர்: ‘சேமித்த செயல்முறை’ வேண்டாம், ‘தரவகச் செய்முறை’ என்போமா?

நண்பர்களே,

தரவகத்துக்குள்ளேயே (டேட்டாபேஸ்) எழுதி வைத்து அங்கேயே ஓட்டும் நிரல்தான் ஸ்டோர்டு புரொசீஜர். அதற்குத் தமிழில் ‘சேமித்த செயல்முறை’யையே வைத்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்கிறீர்கள். எனக்கு ஒப்பவில்லை. செயல்முறை என்றதும் இயங்குதளத்தில் ஓடும் ப்ராசஸ்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ‘சேமித்த’. எந்த நிரல்தான் சேமிக்காமல் இருக்கிறது? அது எங்கே இருக்கிறது, எங்கே ஓடுகிறது என்பதல்லவா இங்கே விஷயம்.

ஒரு கடன் சங்கத்துக்கு எழுதிய நிரலில் மாதக் கடைசி வட்டிக் கணக்கை ஜாவாவில் வைத்திருந்தேன். ஒவ்வொரு கணக்காக எடுக்கும், வட்டி போடும், திரும்ப எழுதும். ஆக ஒரு கணக்குக்கு இரண்டு தடவை நெட்வொர்க்கில் போய்வர வேண்டும். என் கணினியிலேயே தரவகமும் இருந்தவரை இது உறைக்கவில்லை, சர்வர் வேறு ஊருக்குப் போனதும் விடிய விடிய ஓடியது. அதையே போஸ்ட்கிரெஸ் என்ற தரவக மென்பொருளுக்குள் ஸ்டோர்டு புரொசீஜராக எழுதி வைத்த பிறகு ஒரே அழைப்பு, வேலை முடிந்தது. ஆனால் அடிக்கடி மாறும் அபராத விதியையும் கூடவே உள்ளே கொண்டுபோனது என் தவறு. யாராவது சர்வரில் நேரடியாகத் திருத்திவிடுவார்கள், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) பழையதுதான் கிடக்கும். அதைச் செயலிக்கே திருப்பிக் கொண்டுவந்தேன்.

வேலை தரவுக்குப் பக்கத்தில் நடக்கட்டுமா, செயலியில் நடக்கட்டுமா என்பதுதான் கேள்வி என்றால், சொல்லும் இடத்தைச் சொல்ல வேண்டும். எஸ்கியூலைட் என்ற சிறு தரவக மென்பொருளில் இந்த வசதியே கிடையாது. அங்கே தரவகமே செயலிக்குள் ஓடும்போது போய்வரத் தூரம் ஏது? அதனால் ‘தரவகச் செய்முறை’, அதற்கு எதிரில் செயலியிலிருந்து அனுப்பும் குவெரிக்கு ‘செயலி வினவல்’ என்று இணையாக வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. படிப்படியாகச் செய்வதைச் சமையல் குறிப்பில்கூட செய்முறை என்றுதானே எழுதுகிறோம்.

‘உள்ளுறை செய்முறை’ என்றும் வைக்கலாம், கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சி நிரலுக்குள் தரவகத்தின் மொழியான எஸ்கியூஎல் வரிகளைப் பொதிந்து எழுதும் எம்பெடட் எஸ்கியூஎல்லோடு குழப்பும். அது நேர் எதிரான சங்கதி.

அப்புறம், ஒரு மதிப்பைக் கணக்கிட்டுத் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கும் இதே சொல்லைப் போட்டுவிடக் கூடாது. போஸ்ட்கிரெஸில் 2018இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து இரண்டும் தனித்தனி. புரொசீஜரை ‘கால்’ (CALL) கட்டளையால் அழைக்க வேண்டும், அதற்குள் கமிட் செய்யலாம் (மாற்றங்களை நிலையாகப் பதியலாம்), ஃபங்ஷனுக்குள் முடியாது. ஃபங்ஷனுக்குச் ‘செயற்கூறு’ இருக்கட்டும்.

தரவு மாறும்போது தானாக ஓடும் ட்ரிகருக்குத்தான் இந்த வரிசையில் பொருந்துகிற மாதிரி ஒரு சொல் எனக்கு இன்னும் சிக்கவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.