'தெர்வார்' என்பதற்கு 'நிலவாகு'

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஷெர்ரி ஒயின் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'தெர்வார்' என்ற பிரெஞ்சுச் சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒரு தோட்டத்தின் மண், காற்று, மழை, மனிதர் கைவேலை எல்லாம் சேர்ந்து ஒயினுக்குத் தரும் தனித்தன்மையைக் குறிக்கும் சொல் அது. அதற்கு இந்த இழையில் வந்த சொற்கள் மூன்று: நிலவளம், மண்வாசனை, மண்வாகு. மூன்றையும் ஷெர்ரி பிறக்கும் ஹெரெஸ் தோட்டங்களிலேயே வைத்துப் பார்த்துவிடுவோம்.

'நிலவளம்' அங்கே நிற்காது. தென் ஸ்பெயினின் காதிஸ் மாகாணத்தில் இருக்கும் அந்தப் பகுதியின் பெயர்பெற்ற மண் அல்பரிசா. பழைய கடலடியில் படிந்த, சுண்ணாம்பு மிகுந்த வெள்ளை மண். கோடை வெயிலில் பார்த்தால் கண் கூசும். மக்குச்சத்து குறைவு, நம் கணக்கில் அது வளமான மண்ணே இல்லை. அதன் பெருமையெல்லாம் தண்ணீரைப் பிடித்துவைப்பதில்தான். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தை ஒட்டி. அதைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டு, வெயில் ஏறியதும் மேல்மண் இறுகி மூடிக்கொள்ளும். அடியில் தங்கும் ஈரத்தைத் தேடி, ஷெர்ரிக்கான பலோமினோ என்ற திராட்சைக் கொடியின் வேர் ஆழமாக இறங்கும். அறுவடை முடிந்ததும் கொடி வரிசைகளுக்கு நடுவே சின்னச் சின்னப் பள்ளம் வெட்டி, சரிவில் ஓடும் மழைநீரை நிறுத்துவார்கள். அதற்கு 'அசெர்பியா' என்று பெயர். ஆக, மனிதன் கைவேலையும் இந்தச் சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

'மண்வாசனை' அழகான சொல்தான். ஆனால் முதல் மழைக்கும் வட்டாரக் கதைகளுக்கும் அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஒயினில் மண் வாடை அடிக்கும் என்று வாசகர் நினைத்துவிடுவார்.

'மண்வாகு' உழவர் பேச்சில் புழங்குவது, எனக்குப் பிடித்தது. குறை ஒன்றுதான்: காற்று அதற்குள் வராது. ஹெரெஸில் காற்று பாதி வேலை செய்கிறது. கிழக்கிலிருந்து வரும் லெவாந்தே சூடு, வறட்சி. அட்லாண்டிக்கிலிருந்து வரும் பொனியெந்தே குளிர்ச்சி, ஈரம். ஃபினோ என்ற வகை ஷெர்ரியைச் சுமார் 15 சதவீத ஆல்கஹாலுக்கு ஏற்றி, பீப்பாயை நிரப்பாமல் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வைக்கிறார்கள். மேலே ஈஸ்ட் வெள்ளையாகப் படர்ந்து காற்றுப் படாமல் காக்கிறது. கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஹெரெஸில் அந்தப் படலம் கோடையில் மெலியும். ஈரக்காற்று படும் கடலோர ஊரான சான்லூகரில் ஆண்டு முழுக்கத் தடித்தே இருக்கும். அதே பலோமினோதான், அதே அல்பரிசாதான். ஆனாலும் அங்கே முதிர்வதற்கு மன்சனிய்யா என்று தனிப் பெயர்.

அந்தப் படலத்தை ஸ்பானியர்கள் 'ஃப்ளோர்', அதாவது பூ, என்கிறார்கள். நாமும் ஊறுகாய் ஜாடியைத் திறந்து 'பூத்துப்போச்சு' என்றுதானே சொல்கிறோம்! பாலேடு மாதிரி இதைப் 'பூவேடு' என்றால் என்ன?

சரி, தெர்வாருக்கு வருகிறேன். என் பரிந்துரை 'நிலவாகு'. நிலம் என்றாலும் மண்தானே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நெய்தல் நிலம் என்றால் வெறும் மணலையா நினைக்கிறோம்? உப்பங்காற்று, அங்கே வாழ்கிறவர்கள், அவர்கள் தொழில் எல்லாமே கூட வருகிறது. உடல்வாகு என்ற சொல்லிலும் பிறப்பில் வந்தது, சாப்பாடு, உழைப்பு எல்லாம் சேர்ந்துதான் இருக்கிறது. 'திணைவாகு' என்றும் யோசித்தேன். உணவுக் கட்டுரையில் திணையைத் தினையாகப் படித்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன். மண்வாகையும் இழக்க வேண்டியதில்லை. 'அல்பரிசாவின் மண்வாகு, சான்லூகரின் நிலவாகு' என்று எழுதிப் பார்த்தேன், இரண்டும் தனித்தனியே தெளிவாக நிற்கின்றன.

இன்னொரு சொல்லும் பாக்கி இருக்கிறது. மச்சர்னூடோ, பல்பயினா என்று தனிப்பெயர் பெற்ற தோட்டப் பகுதிகளை அங்கே 'பாகோ' என்கிறார்கள். கொங்குப் பக்கம் புன்செய் நிலத்துக்கு மேட்டுக்காடு, ஓடைக்காடு என்று பெயர் வைப்பார்களே, அந்தக் 'காடு' இங்கே பொருந்துமா? அந்தப் பக்கத்து நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.